சிரிக்க வைத்த ஆராய்ச்சி, சிந்திக்க வைத்த விடை

மாலை நேரம். மஃரிபுத் தொழுகை முடிந்து பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கிறார்கள். கடைக்குட்டியின் கண்கள் புத்தகத்தில்; விரலோ மூக்கில்! "சீ, கையை எடு!" என்று அதட்டுகிறீர்கள். மூத்தவன் விரல்களை மடக்கி மடக்கென்று நெட்டி முறிக்கிறான். "அப்படிச் செய்யாதேடா, பின்னால் மூட்டு வலி வரும்" என்று அடுப்படியிலிருந்து நன்னியின் குரல் கேட்கிறது.

வீடுதோறும் நடக்கும் காட்சிதான் இது. நாம் அதட்டியதோடு மறந்துவிடுகிறோம். ஆனால் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் சிலர் இவற்றையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, எண்ணிக் கணக்கிட்டு, மருத்துவ இதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அவற்றுள் சில நம் நாட்டிலேயே நடந்தவை. ஒன்று நம் மதுரைச் சீமையோடு தொடர்புடையது.

மூக்கைப் பற்றி ஓர் ஆய்வு

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தை 'நிம்ஹான்ஸ்' என்று சொன்னால் பலருக்கும் தெரியும். அங்கே பணியாற்றிய சித்தரஞ்சன் ஆண்ட்ரேட், பி.எஸ். ஸ்ரீஹரி ஆகிய இருவரும் நகரத்தின் 4 பள்ளிகளைச் சேர்ந்த 200 இளம்பருவ மாணவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டனர். "நீங்கள் மூக்கு நோண்டுவது உண்டா?" என்பதே அந்தக் கேள்வி!

ஏறத்தாழ அத்தனை பேருமே "உண்டு" என்றனர். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று பார்த்தபோது, 4 முறை என்பது நடுத்தரக் கணக்காக வந்தது. 100க்கு 7 அல்லது 8 பேர் நாளொன்றுக்கு 20 முறைக்கு மேல் என்று ஒப்புக்கொண்டனர். 2001ஆம் ஆண்டில் இவ்வாய்வு அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபின் மற்ற எண்களைப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு மாணவர்களுக்கு இப்பழக்கத்தால் எப்போதாவது மூக்கில் இரத்தம் வந்திருக்கிறது. 100க்கு ஏறத்தாழ 17 பேர், இது தமக்கு ஒரு பெரிய பிரச்சினையாகவே இருக்கிறது என்றனர். நகம் கடித்தல், ஒரே இடத்தைச் சொறிதல், தலைமுடியைப் பிடுங்குதல் போன்ற பழக்கங்களும் பலரிடம் சேர்ந்தே காணப்பட்டன. ஆறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை தன் பழக்கத்தை எண்ணி உள்ளுக்குள் கலங்குகிறது, ஆனால் வீட்டில் அதற்குக் கிடைப்பதோ "சீ, கையை எடு!" என்னும் அதட்டல் மட்டும்தான். அதட்டுவதற்கு முன், மூக்கு வறண்டிருக்கிறதா, அரிப்பு இருக்கிறதா, மனத்தில் ஏதேனும் பதற்றம் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிள்ளையின் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்காரவைத்து, சற்று முன்புறம் குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிரிப்புக்கு ஒரு பரிசு

இத்தகைய ஆய்வுகளுக்கென்றே 1991ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒரு பரிசு வழங்கத் தொடங்கினார்கள். 'இக் நோபல்' என்பது அதன் பெயர். முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சியாக இருக்க வேண்டும் என்பதே அதற்குரிய தகுதி. உண்மையான நோபல் பரிசு பெற்ற அறிஞர்களே மேடையில் நின்று இதை வழங்குவார்கள். 2001இல் பொதுச் சுகாதாரத்திற்கான பரிசு மேற்சொன்ன மூக்கு ஆய்வுக்குக் கிடைத்தது. பரிசைப் பெற்ற ஆண்ட்ரேட், சிலர் அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பார்கள், நானோ அடுத்தவர் மூக்கில் என் விவகாரத்தை நுழைத்தேன் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார்.

மறு ஆண்டு, 2002இல், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் ஆகியோர் இப்பரிசைப் பெற்றனர். யானையின் உடம்புத் தோல் முழுவதையும் விரித்தால் எத்தனை சதுர மீட்டர் இருக்கும் என்று கணக்கிட அவர்கள் ஒரு வாய்பாடு கண்டனர். யானையின் உயரமும், முன்காலடியின் சுற்றளவும் தெரிந்தால் போதும், விடை வந்துவிடும். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ஓர் உயிரின் உடற்பரப்பைக் கொண்டு அதன் வெப்ப இழப்பையும், சில மருந்துகளின் அளவையும் கணிப்பது மருத்துவத்தில் உள்ள வழக்கமே. நோயுற்ற யானைக்கு முன் நிற்கும் மருத்துவர் இந்த வாய்பாட்டைக் கண்டு சிரிக்கமாட்டார்.

விலை ஏறினால் வலி குறையும்!

2008இல் மருத்துவத்திற்கான இக் நோபல் பெற்ற ஆய்வு நம் அனைவரையும் கண்ணாடி முன் நிறுத்துகிறது. அமெரிக்காவில் 82 பேரை அழைத்து, வலி நீக்கும் புதிய மாத்திரை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். உண்மையில் அதில் மருந்தே இல்லை. பாதிப் பேரிடம் அதன் விலை இரண்டரை டாலர் என்றனர். மறுபாதியிடம் விலை குறைக்கப்பட்டு 10 சென்ட் என்றனர். முன்னும் பின்னும் கையில் சிறிதளவு மின்னதிர்வு கொடுத்து வலியைக் கேட்டறிந்தனர்.

விலை அதிகம் என்று கேட்டவர்களில் 100க்கு 85 பேர் வலி குறைந்தது என்றனர். மலிவு என்று கேட்டவர்களிலோ 61 பேர்தான் அவ்வாறு கூறினர். மாத்திரை ஒன்றே, மருந்தும் இல்லை, மாறியது விலை மட்டுமே!

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாத்திரையை "இதில் என்ன சத்து இருக்கும்?" என்று மூலையில் போட்டுவிட்டு, அதே மருந்தை வேறு பெயரில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி விழுங்குகிறவர்கள் நம்மில் இல்லையா?

மாமியாருக்கு ஒரு மறுமொழி

இனி நன்னியின் எச்சரிக்கைக்கு வருவோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் அங்கர் சிறுவனாக இருந்தபோது, நெட்டி முறித்தால் விரல்களில் மூட்டுவாதம் வரும் என்று அவருடைய தாயார் எச்சரித்தார். சிற்றன்னையரும் பெரியன்னையரும் எச்சரித்தனர். திருமணமானபின் மாமியாரும் அதையே சொன்னார்! மனிதர் வாதாடவில்லை. 50 ஆண்டுகள் நாள்தோறும் இரண்டு முறையாவது இடக்கை விரல்களில் மட்டும் நெட்டி முறித்து வந்தார். வலக்கையை விட்டுவிட்டார். குறைந்தது 36,500 முறை நெட்டி முறித்தபின் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை. 1998இல் மருத்துவ இதழில் இதை வெளியிட்டவர், கீரை சாப்பிடச் சொன்னார்களே, அதையும் ஆராய வேண்டுமோ என்று வேறு கேட்டு வைத்தார். 2009இல் இக் நோபல் அவரைத் தேடி வந்தது. ஒருவர் கையை வைத்து உலகத்திற்கே முடிவு கூற முடியாதுதான். ஆயினும் 2011இல் 215 பேரிடம் செய்த ஆய்விலும் நெட்டி முறிப்பதற்கும் கை மூட்டுத் தேய்மானத்திற்கும் தொடர்பு தென்படவில்லை.

இங்கே மதுரை மக்களுக்கு ஒருவர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போனவர்; அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஒளி தந்தவர். ஆம், டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள்தாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் அவர் மதுரையில் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை.

வராத விருந்தினர்கள்

அம்மருத்துவமனை ஊர் ஊராகச் சென்று கண் சிகிச்சை முகாம்களை நடத்தியது. பரிசோதனை இலவசம்; ஏழைகளுக்குக் கண்புரை அறுவையும் இலவசம். கூட்டம் அலைமோதியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. அரவிந்த் முகாம்கள் நடந்த கிராமங்களில், கண்ணில் குறையுள்ள பெரியவர்களில் 100க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தனர்!

பார்வை இலவசமாகக் கிடைக்கிறது, வாங்க ஆளில்லை. கேட்கச் சிரிப்பு வருகிறதல்லவா? வராதவர்களின் வாசலுக்கே சென்று ஆய்வாளர்கள் காரணம் கேட்டார்கள். அறுவை என்றால் அச்சம் என்றனர் சிலர். வீட்டுப் பொறுப்பை விட்டுவர முடியவில்லை என்றனர் சிலர். செலவு என்றனர் சிலர். இலவசத்திற்கு என்ன செலவு? பஸ் கட்டணம் இருக்கிறது. வழிச் சாப்பாடு இருக்கிறது. துணைக்கு வரும் மகனின் அன்றைய கூலி இருக்கிறது. இலவசம் என்று நாம் சொன்னது அவர்களுக்கு இலவசமாக இல்லை.

இதற்கு முன்பே, எதைச் செய்தால் மக்கள் வருவார்கள் என்று எட்டு விதமான முயற்சிகளைக் கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் முடிவை 1991இல் வெளியிட்டிருந்தனர். அறுவையை மட்டுமன்றிப் பயணம், உணவு ஆகியவற்றின் செலவையும் ஏற்றுக்கொண்டது பயன் தந்தது. அதைவிட வியப்பானது மற்றொன்று. ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர், அந்நாளைய சோடாபுட்டிக் கண்ணாடியுடன் வீடு வீடாகச் சென்று, "நான் செய்துகொண்டேன், எனக்குத் தெரிகிறது" என்று திண்ணையில் அமர்ந்து சொன்னது மக்களை அசைத்தது. பெரிய விளம்பரம் செய்யாததை ஒரு சாதாரணக் கிழவரின் கண்ணாடி செய்தது!

உங்கள் வீட்டில் யார்?

வாசக சகோதர சகோதரிகளே! மூக்கு நோண்டும் பிள்ளையையும், முகாமுக்கு வராத பெரியவரையும் இணைப்பது ஒன்றுதான். இருவரும் தாமாக வாய் திறக்கவில்லை. "இதையெல்லாம் போய்க் கேட்பார்களா?" என்று பிறர் நகைக்கும் கேள்வியை ஒருவர் துணிந்து கேட்டபின்னரே உண்மை வெளியே வந்தது.

உங்கள் வீட்டு நன்னி அரிசியில் கல் பொறுக்குவதை எப்போது நிறுத்தினார்? ஓதும்போது கிதாபை ஏன் ஜன்னலோரம் கொண்டுபோகிறார்? "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்று அவர் சொல்வதன் உட்பொருள், "உங்களுக்கு ஏன் செலவு, ஏன் அலைச்சல்?" என்பதாக இருக்கலாம். மருத்துவமனைக்குத் துணையின்றிப் போகத் தயங்கும் பெண்கள் கேட்கவும் தயங்குவார்கள்.

இன்று இரவு உணவுக்குப் பின் ஒரு சிறு விளையாட்டு நடத்துங்கள். சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பத்தடி தள்ளி வீட்டார் ஒவ்வொருவரையும் நிறுத்தி, முதலில் வலக்கண்ணையும் பிறகு இடக்கண்ணையும் உள்ளங்கையால் மூடி, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நன்னியின் முறை வரும்போது ஒரு கண்ணுக்குத் தேதி தெரியவில்லையென்றால், "நாளை நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டேன், நானே உங்களைக் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். இன்னொரு முறையும் கேளுங்கள்.