சங்குக்குள் புல், காதுக்குள் மின்கம்பி

இன்ஜின் தின்னும் செவி

பழவேற்காட்டுக் குப்பங்களில் வயதான மீனவர்கள் உரத்த குரலில்தான் பேசுவார்கள். காற்றை மீறிப் பேசிப் பழகிய தொண்டை என்பார்கள். பாதி காரணம் அதுதான். மீதி, பைபர் படகின் இன்ஜின்.

உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கான மின்துடிப்பாக மாற்றுபவை இவைதான். அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அளவு தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். சைலென்சரைச் சரிசெய்து, காதில் நுரை அடைப்பான் வையுங்கள். வெறும் பஞ்சு போதாது.

சீழ் வடிந்தால்

கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும், ஏரியில் குதித்து விளையாடும் பிள்ளைகளும் காதுக்குள் தண்ணீர் போவதைப் பொருட்படுத்துவதில்லை. செவிப்பறை முழுதாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஓட்டை இருந்தால் ஒவ்வொரு முழுக்குக்கும் சீழ் திரும்பும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது இதற்கு மருந்தல்ல, கேடு.

செவிப்பறை ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சையை 1950களின் தொடக்கத்தில் ஜெர்மானியர்களான வுல்ஸ்டைனும் ஸோல்னரும் முறைப்படுத்தினார்கள். காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திய மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுவது இன்று வழக்கம். சீழ் துர்நாற்றம் அடித்தாலோ, தலைசுற்றலோ முகக்கோணலோ சேர்ந்தாலோ எலும்பு அரிக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடற்கரையில் கிடைத்த விடை

மயிர்ச் செல்களே இல்லாத காதுக்கு என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைச் செலவிட்டது இந்தக் கேள்விக்குத்தான். மருந்துக்கடை வைத்திருந்த அவர் தந்தைக்குக் காது மந்தம். கிளார்க் காதறுவை மருத்துவராக இருந்தவர். 1960களில் ஆய்வுக்குத் திரும்பினார். நரம்பைத் தூண்டும் கம்பியை, சுருண்ட காக்ளியாவுக்குள் உடைக்காமல் நுழைப்பதுதான் பெரும் சிக்கல். 1977-ல் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து, புல் இதழ்களை உள்ளே தள்ளிப் பார்த்தார். நுனி வளைந்து, அடி விறைப்பாக இருந்த புல் சுழன்று உள்ளே போனது. கம்பியையும் அப்படியே செய்தார். அந்தக் கம்பி கொண்ட காக்ளியர் கருவியை 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்.

சென்னையில் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்கியவர்களில் முன்னோடி டாக்டர் மோகன் காமேஸ்வரன். காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான எஸ். காமேஸ்வரனின் மகன். மோகன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளை, செவி நரம்பே இல்லாதவர்களுக்கு மூளைத்தண்டில் கருவி வைக்கும் அளவுக்குப் போனது. 2006-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அத்தை மகன், மாமன் மகள்

பிறவிக் கேளாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மரபணு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியும் அவர் குழுவினரும், சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1995-ல் வெளிவந்த கூட்டு ஆய்வுகள், கேளாமைக்கான புதிய மரபணு இடங்களை அடையாளம் காட்டின. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘பெண் எடுத்த வீட்டின் சாபம்’ என்று தாயைக் குறை சொல்வது அறியாமை மட்டுமல்ல, அநியாயம். பழுது இருவரிடமும் பாதிப் பாதி.

வயதுதான் கெடு

அந்த ஆபத்து அறிகுறிகள் இல்லாமல் காதில் சீழ் வடியும் பெரியவர் சில வாரம் காத்திருக்கலாம். கேளாமல் பிறந்த குழந்தை காத்திருக்க முடியாது. மூளை மொழி கற்கும் முதல் ஆண்டுகள் திரும்ப வராது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனையும் மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவும் வேண்டும். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் காக்ளியர் கருவிக்கு உதவுவதும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் கேட்டாலே வழி சொல்வார்கள்.

கருவி வைத்த பிறகு பேச்சுப் பயிற்சி கட்டாயம். குப்பத்துப் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கருவியின் வெளிப்பகுதிக்கு உப்புக்காற்றும் ஈரமும் ஆகாது. ஏரியில் இறங்குமுன் கழற்றி, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்து மூடுங்கள்.