‘ஒன் செவன்ட்டி ஃபோர்’ போட்டாச்சா?

மாமல்லபுரம் கடலில் குளிக்கப்போன ஒருவர் அலையில் சிக்கி இறந்து கரை ஒதுங்குகிறார். காவல் நிலையத்தில் ஏட்டு கேட்பார்: “ஒன் செவன்ட்டி ஃபோர் போட்டாச்சா?” வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது. இயற்கைக்கு மாறான சாவை விசாரிக்கச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு அது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே எண் 174ஆகத்தான் இருந்துவந்தது. அக்கம்பக்கத்து மதிப்புக்குரியவர் இருவராவது உடனிருக்க உடலைப் பார்ப்பது, காயங்களைக் குறிப்பது, சாவுக்கான காரணத்தை எழுதுவது, ஐயமிருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவது என இத்தனை வேலையும் அந்த மூன்று இலக்கத்துக்குள் அடக்கம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி ஆள் இறந்தால் ‘த்ரீ நாட் ஃபோர் ஏ’. கொலைக்கு ‘த்ரீ நாட் டூ’. பூஜ்ஜியத்தை ‘நாட்’ என்பது வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கம். அடிக்கடி வம்பு செய்பவரிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது ‘ஒன் டென்’.

‘குண்டாஸ்’ மட்டும் எண்ணில் அடங்காத சொல். 1982இல் வந்த தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டம் அது. ஆள்வகை சேரச் சேரப் பெயரும் நீண்டது. இன்று கள்ளச்சாராயக்காரர், மணல் திருடர், வீடியோ திருடர் எனப் பல வகையினர் அதன் பெயரிலேயே வரிசைகட்டி நிற்கிறார்கள். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், ‘குண்டாஸ்’ ஏன் நிலைத்தது என்று தெரிந்துவிடும்.

2024 ஜூலை 1 அன்று இந்த எண்களெல்லாம் இடம்மாறின. தெருவில் கதவிலக்கங்களை மாற்றி ‘பழைய எண், புதிய எண்’ என்று எழுதுவார்களே, அதே கதை. 511 பிரிவுகள் கொண்ட இந்திய தண்டனைச் சட்டம் போய், 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலை 103 ஆனது. மோசடிக்கான 420, 318க்குப் போனது. புதுச் சட்டத்தில் 420 என்றொரு பிரிவே கிடையாது. நடைமுறைச் சட்டமும் மாறியதால் ‘ஒன் செவன்ட்டி ஃபோர்’ இப்போது 194. கூட்டம் கூடத் தடை விதிக்கும் 144, 163க்கு நகர்ந்தது. புதிய 144 என்ன தெரியுமா? மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம்! “ஊரில் 144 போட்டிருக்காங்க” என்றால் சட்டப்படி இனி சிரிப்புதான் வர வேண்டும்.

திண்டாட்டம் நிலைய எழுத்தருக்கு, அதாவது ‘ரைட்டருக்கு’. ஜூன் 30 இரவு 11.59க்கு நடந்த கொலை 302. அடுத்த நிமிடம் நடந்தால் 103. பழைய குற்றத்துக்கு இன்று புகார் வந்தாலோ குற்றத்துக்குப் பழைய எண், வழக்குப் பதியும் முறைக்குப் புதிய எண். இரண்டும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் ஏறும்.