கறந்த பின் அரைமணி நேரம்

நாச்சியாபுரம் போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களில் பால் கறந்து முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே அவசரம்: சொசைட்டி மூடுவதற்குள் கேன் போய்ச் சேரவேண்டும். நின்று களைத்த மாடு, சாணமும் மூத்திரமும் ஊறிய தரையிலேயே படுத்துவிடும். மடிநோய்க்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது.

காம்பின் நுனியில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. கறக்கும்போது விரிந்த அந்தத் துவாரம், கறந்து முடித்து அரைமணி நேரமாவது ஆன பிறகே நன்றாக இறுகும். அதற்குள் தரையில் பட்டால் சாணத்திலுள்ள ஈ-கோலை போன்ற கிருமிகள் உள்ளே ஏறிவிடும். இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. கறந்தவுடன் தொட்டியில் பசுந்தீவனத்தையோ வைக்கோலையோ போட்டுவிடுங்கள். தின்று முடிக்கும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். அது காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்துகிறது. முழுக்கையால் கறப்பதே நல்லது.

வீங்கிச் சிவந்த மடியை யாரும் கவனித்துவிடுவார்கள். பால் பார்வைக்கு நன்றாகவே இருக்க, உள்ளே நோய் ஓடுவதுதான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க 1957-இல் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் எளிய சோதனை ஒன்றைத் தந்தார்கள். நான்கு குழித் தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே பீச்சி, சோப்புத் தன்மையுள்ள திரவத்தைச் சேர்த்துச் சுழற்றுவார்கள். நோயோடு போராட வந்த வெள்ளை அணுக்கள் பாலில் மிகுந்திருந்தால் அவை உடைந்து, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளிவந்து, பால் கூழாகத் திரளும். மடியின் நான்கு பகுதிகளும் உள்ளே தனித்தனிச் சுரப்பிகள் என்பதால், நோய்ப்பட்ட காம்பு எது என்றும் தெரிந்துவிடும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மடிநோய்க்குப் பரப்பிய மூலிகை முறை இன்று பல மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது வரும். மடியைக் கழுவி, விழுதில் கொஞ்சம் எடுத்து நீரில் கரைத்து, ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் தடவவேண்டும். ஒன்றிரண்டு தடவை பூசிவிட்டுப் பலனில்லை என்பது இந்த மருந்துக்கு நியாயமாகாது.

காய்ச்சல் அடித்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தம் கலந்தாலோ கால்நடை மருத்துவரை உடனே அழைக்கவேண்டும். அவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாலில் தயிர்கூட ஒழுங்காக உறையாது. குழந்தைகள் குடிக்கும் கேனில் அது சேரவே கூடாது.