வில்லுக்கு ஒரு வெற்றுச் சுவர்

வீட்டில் மர வில் செய்யப் பட்டறை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் வெட்டும் கருவிகளில்தான் தொடங்குகிறார்கள். பட்டை ரம்பம் வாங்கலாமா, மின் இழைப்புளி வேண்டுமா, எத்தனை உளி, எந்த அளவில் வைஸ் என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பணமும் இடமும் தீர்ந்துவிடுகின்றன. அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பதே என் வாதம். கட்டையை வில்லின் உருவத்துக்குக் கொண்டுவருவது ஓரிரு நாள் வேலை. அந்த உருவம் கைப்பிடியிலிருந்து நுனி வரை ஒவ்வோர் இடத்திலும் தன் பங்குக்கு வளைகிறதா என்று கண்டுபிடித்து, வளையாத இடத்தில் மட்டும் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டுவதில்தான் வில் பிறக்கிறது. அதனால் வீட்டுப் பட்டறையில் முதல் இடம் பெற வேண்டியவை ஒரு வெற்றுச் சுவர், ஒரு தூக்குத் தராசு, மரத்தின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு பெட்டி ஆகிய மூன்றும். ரம்பம் அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

வெட்டும் கருவி எவ்வளவு எளியதாக இருந்தாலும் வில் செய்துவிடலாம் என்பதற்கான சான்று ஐயாயிரம் ஆண்டுகளாகப் பனிக்குள் கிடந்தது. 1991இல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பட்டு ‘ஓட்ஸி’ என்று பெயர் பெற்ற மனிதனிடம் ஏறத்தாழ 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மரத்து வில் ஒன்று இருந்தது. சுமார் 5,300 ஆண்டுகள் பழையதான அது முடியாமல் நின்றுபோன வேலை. செதுக்கிய வடுக்கள் அதன் மேல் இன்றும் தெரிகின்றன. அவன் கையோடு வைத்திருந்த கோடரியின் அலகு அரைச் சாண்கூட இல்லாத செம்பு. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர விற்களோ அதற்கும் மூத்தவை, ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழையவை. உலோகமே அறியாதவர்கள் கல்லாயுதத்தால் செய்தவை. இன்று தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கும் எஃகு உளி இவை எல்லாவற்றையும் விடக் கூரியது. ஆகவே முதல் வில்லிலேயே தோற்பவருக்குக் குறைந்தது கூர்மையாக இருக்க முடியாது.

எது குறைகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். மரச் சட்டம் ஒன்றின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதன் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ விறைப்பு 27 சதவீதம் போய்விடும், ஏனெனில் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 15 மி.மீ. தடிமனுள்ள இடத்தில் 1.5 மி.மீ. கூடுதலாக எடுத்துவிட்டாலே இந்த இழப்பு நேரும். தச்சர் கணக்கில் அது அரை நூல்கூட இல்லை. அப்படி மெலிந்த இடம் அக்கம்பக்கத்தைவிட அதிகமாக வளையும்; அதிகம் வளைவதால் மேலும் நைந்து இன்னும் அதிகமாக வளையும்; ஒரு நாள் அங்கேயே முறியும். கதவுக்கோ நாற்காலிக்கோ அரை நூல் பிழை ஒரு பொருட்டல்ல, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்துவிடலாம். வில்லில் மறைக்க முடியாது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. வேகமாக எடுக்கும் கருவி இந்தத் தொழிலில் உதவியைவிட ஆபத்தாக மாறுவது இதனால்தான்.

தடிமனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வளையும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், இழுபடுகிறது. வில்லாளியைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. எவ்வளவு இழுபடும், எவ்வளவு நசுங்கும் என்பது தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 14 மி.மீ. தடிமனுள்ள மரம் 70 செ.மீ. ஆரத்தில் வளைந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு நீட்சி. நல்ல வில்மரங்களுக்கே இது எல்லையை ஒட்டிய அளவு. அவ்வளவு தாங்காத மரத்தில் வில்லை மெல்லியதாகவும் அகலமாகவும் செய்தாக வேண்டும். ஹோல்மகார்டின் எல்ம் விற்கள் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதற்கும், 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் ஒடுங்கித் திரண்டு இருப்பதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது. யூ மரத்தின் வைரம் நசுக்கலைத் தாங்கும், வெளிறு இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்படி கட்டையைப் பிளந்தால் இயற்கையே ஒட்டுவில் செய்து கொடுத்ததுபோல் ஆகிறது. தமிழில் ‘சிலை’ என்ற சொல் ஒரு மரத்தையும் வில்லையும் சேர்த்தே குறிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மரத்தை விட்டு வில்லைத் தனியே பார்க்காத ஒரு காலத்தின் அறிவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது.

யூ மரம் நம் ஊர் மரக்கடையில் கிடைக்காதே என்று கேட்கலாம். தேவையில்லை. அமெரிக்காவில் வில்லுக்குப் பேர்பெற்ற ஓசேஜ் ஆரஞ்சு, நம் பலாவும் முசுக்கொட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம். ஆனால் அந்த உறவை மட்டும் நம்பி எந்தக் கட்டையையும் வாங்கிவிடக் கூடாது. கையில் கிடைக்கும் மரத்திலிருந்து விரல் அகலத்தில் ஒரு மெல்லிய சட்டம் எடுத்து, சிறிது சிறிதாக வளைத்துப் பார்க்க வேண்டும்: எந்த ஆரத்தில் விட்டதும் நேராகத் திரும்புகிறது, எந்த ஆரத்தில் வளைந்தபடியே நின்றுவிடுகிறது, எதில் ஒடிகிறது. இந்த மூன்று எண்கள் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கே வில்லின் தடிமனைச் சொல்லிவிடும். ரேகை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பக்கவாட்டில் ஓடி வெளியேறாமல் நேராக வர வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. மூங்கிலில் பட்டறை தொடங்குபவருக்கு ஒரு வசதி: நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருங்கி நிற்பதால் அந்தத் தோலைச் சீவாமல் முதுகாக வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஈரம். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். வில்லுக்கு ஏற்ற மரத்தில் ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் வில் வளைந்தபடியே நின்று சோம்பிவிடும்; வெகுவாகக் குறைந்தால் மொறுமொறுத்து ஒடியும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஊரில் மரத்தை எத்தனை ஆண்டு பரணில் போட்டுவைத்தாலும் அதன் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. “பத்து வருஷம் காய்ந்த கட்டை” என்ற மரக்கடைக்காரரின் சொல் உண்மையாகவே இருந்தாலும் இங்கே போதாது. இதற்கு மாற்று செலவில்லாதது. வில் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி செய்து உள்ளே குண்டு பல்புகளை எரியவிட வேண்டும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் உள்ள நீராவி மாறாமலேயே ஈரப்பதம் 46 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் காற்றில் மரம் சுமார் 8 சதவீதத்தில் வந்து நிற்கும். காய்ந்ததா என்று அறிய சமையலறைத் தராசு போதும். தினமும் நிறுத்து எழுதி, எடை குறைவது நின்ற நாளில் வேலையைத் தொடங்கலாம். பச்சைக் கட்டையை நேரே இந்தப் பெட்டியில் வைத்தால் வெடித்துவிடும். முனைகளில் பெயின்டோ மெழுகோ பூசி, நிழலில் மெதுவாகக் காயவிட்ட பிறகே பெட்டிக்குள் வர வேண்டும்.

இனி அந்தச் சுவர். ஆள் உயரத்தில் ஒரு தாங்குகட்டை. அதன் மேல் வில்லின் கைப்பிடி உட்காரும். நாண் கீழே தொங்கும். நாணில் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே பயணப்பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசு, அதிலிருந்து ஒரு கயிறு. கயிறு தரையில் பதித்த கப்பியைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் கைக்கு வரும். சுவரில் 5 செ.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகள். இவ்வளவுதான் அமைப்பு. கயிற்றை இழுக்க இழுக்க வில் கோடுகளுக்கு எதிரே வளைகிறது. கைப்பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவில் இறங்குகின்றனவா என்று பார்த்தாலே தெரிகிறது. மூன்று மீட்டர் தூரம் பார்வைக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் வேண்டும். 18 கிலோ இழுவிசையுள்ள வில்லை முழுதாக இழுத்தால் அதில் ஏறத்தாழ 45 ஜூல் ஆற்றல் அடைபட்டிருக்கும். நாலரைக் கிலோக் கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது முகத்துக்கு அருகே முறியக் கூடாது. வளைவைச் சமன் செய்யும் இந்த வேலையை உலகெங்கும் டில்லரிங் என்கிறார்கள். அதற்குத் துணையாக, 15 செ.மீ. நீளமுள்ள நேரான சிறு கட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சில் ஒன்றைச் செருகிக்கொள்வது உண்டு. வளைந்த வில்லின் வயிற்றில் கட்டையை வைத்தால் இரு முனைகள் தொட்டிருக்க, நடுவில் இடைவெளி விழும். 80 செ.மீ. ஆரத்தில் அந்த இடைவெளி 3.5 மி.மீ., ஒரு மீட்டர் ஆரத்தில் 2.8 மி.மீ. இந்த வேறுபாட்டைக் கண் தவறவிடலாம், பென்சில் தவறவிடாது. நன்றாக வளைந்த இடத்துக்கு ஏற்பப் பென்சிலைப் பொருத்தி நகர்த்தினால், விறைத்து நிற்கும் இடங்களில் மட்டும் அது கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் சுரண்டி, பிறகு இருபது முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. விரும்பிய விசையைத் தராசு காட்டியதும், இழுப்பு நீளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு மேல் ஒரு கிலோகூட இழுக்காமல் நிறுத்திவிட வேண்டும். பொறுமை தேவைப்படுவது இங்கேதான்.

இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. 1950களிலிருந்து கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து ஒட்டிய விற்கள் சந்தைக்கு வந்துவிட்டன, அவை ஈரத்துக்கும் அசையாதவை, பிறகேன் மரத்தோடு போராட வேண்டும் என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அங்கே சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது கண்ணாடியிழை. அச்சு, அழுத்தம், பிசின், நுரையீரலுக்கு ஆகாத தூசு என்று அது வேறொரு பட்டறை. குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்கத் தக்கதன்று. மற்றது இன்னும் ஆழமானது: பழங்கால வில் ஆசாரிகள் எந்தத் தராசையும் பென்சில் கட்டையையும் வைத்திருந்தார்கள்? கண்ணும் கையும் போதாதா? அவர்களுக்குப் போதும். ஆனால் அந்தக் கண் ஒரு குருவின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து பழகிய கண். லண்டனில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371இலேயே தனித்தனித் தொழிற்குழுக்களாகப் பிரியும் அளவுக்கு அது முழுநேரத் தொழில். 1911இல் கலிஃபோர்னியாவின் ஒரோவில் ஊரில் வெளியுலகுக்குத் தெரியவந்த இஷி, யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதர். அவரிடம் வில் செய்யக் கற்ற அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப்பால், 1916இல் இஷி இறக்கும் வரை அந்தக் கைகளை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. மொட்டை மாடியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ தனியாகத் தொடங்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. “இங்கே விறைப்பு, அங்கே போதும்” என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சுவர்தான் பேச வேண்டும்.

வெட்டும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைரம்பம், வாய்ச்சி அல்லது சிறு கோடரி, இழைப்புளி, மரத்துக்கான முரட்டு அரம், சுரண்டும் எஃகுத் தகடு, இறுக்கிப் பிடிக்க வைஸ். விற்குதை, அதாவது நாண் மாட்டும் முனை வெட்டு போட ஓர் உருட்டு அரம். பட்டை ரம்பம் இருந்தால் முதல் உருவத்தை வெட்டிக்கொள்ளலாம். கடைசி மூன்று மி.மீ. வந்ததும் அதன் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். எண்ணெயோ வார்னிஷோ பூசினால் ஈரம் ஏறுவது தாமதப்படும், நிற்காது. மழைக்காலத்தில் வில்லும் அந்தப் பெட்டிக்கே திரும்ப வேண்டியிருக்கும். வேலை முடிந்து நாணைக் கழற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை வில்லைச் சுவரின் நேர்கோட்டில் வைத்து எவ்வளவு வளைந்தபடியே நின்றுவிட்டது என்று அளக்க வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. என்றால் நல்ல வில். ஐந்தைத் தாண்டினால் மரத்தில் ஈரம் மிஞ்சியிருக்கிறது, அல்லது வடிவத்தில் அந்த மரத்துக்கு அகலம் போதவில்லை. மரத்தின் பெயர், பெட்டியிலிருந்து எடுத்த அன்றைய எடை, இழுவிசை, இழுப்பு நீளம், மிஞ்சிய வளைவு ஆகியவற்றை வில்லின் வயிற்றில் கைப்பிடிக்கு அருகே பென்சிலால் எழுதி வைக்கலாம். அதே மரத்தில் அடுத்த கட்டையை எந்தத் தடிமனில் வெட்டுவது என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.