கொச்சிக்காய்க் காரம் மறைக்கும் நாற்றம்

மாதம் 10ஆம் திகதி சம்பளம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் நகரத்துக் கோழிக்கடைகளில் கூட்டம் கூடும். முழுக்கோழிக்குக் கட்டுப்படியாகாதவர்கள் துண்டுக்கறி கேட்பார்கள். அண்மைக் காலமாக அந்தத் துண்டுகளில் இறக்கைக்குத் தனி மவுசு. கைப்பேசியில் பார்த்ததைப் பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள்: கொச்சிக்காய்த் தூளும் மிளகும் வெள்ளைப்பூண்டும் பூசி, சிவக்கச் சிவக்கப் பொரித்த கோழி இறக்கை. நெஞ்சுக்கறியைவிடப் பெரும்பாலும் மலிவு, பொரித்தால் எலும்போடு கடிக்கச் சுவை. தோட்ட வீட்டுக்கு இது நியாயமான ஆசை.

அந்த ஆசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் கோழி என்பதே மறந்துபோன பண்டமாகியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது 2024 செப்டெம்பரில்தான். இப்படிச் சேர்த்த காசில் வாங்கிய இறக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிக்கும்போது லேசாக ஒரு வாடை வந்தால் என்ன செய்வார்கள்? வீசமாட்டார்கள். மனம் வராது. இரண்டு தடவை கழுவி, மஞ்சள் தடவி, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கொச்சிக்காய்த் தூள் கூடப் போட்டுப் பொரித்துவிடுவார்கள். காரத்தில் வாடை தெரியாது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

வீசுவது, தின்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: கடைக்குத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்பது. சட்டம் அந்த வழியைத் திறந்துதான் வைத்திருக்கிறது. தோட்டத்து மக்கள் அதில் நடந்து போவது மிகக் குறைவு.

முதலில் உடம்புக்கு வரும் கேட்டைப் பார்ப்போம். பச்சைக் கோழியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் இருப்பது உலகமெங்கும் வழமை. நல்ல கடையில் வாங்கிய நல்ல கோழியிலும் இருக்கலாம். நாம் போடும் அளவுக் காரமோ தேசிக்காய்ப் புளியோ அவற்றைக் கொல்லாது. கொல்வது சூடு மட்டும்தான். கறியின் தடித்த பகுதியின் நடுவில் 74 பாகை செல்சியஸ் சூடு ஏற வேண்டும். பழுதாகத் தொடங்கிய கறியில் இன்னொரு தொல்லை உண்டு. சில கிருமிகள் கறியிலேயே நஞ்சைக் கக்கிவிடும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதியில் அழியாது. ‘நல்லாப் பொரிச்சா எல்லாம் சரியாயிடும்’ என்பதை நம்பி இருக்க முடியாததற்கு அதுவே காரணம்.

மலைநாட்டுக்கென்றே இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, ‘நம்ம ஊரு குளிருதானே, கறி கெடாது’ என்பது. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருக்கிறது. நமக்கு அது கம்பளி போர்த்தும் குளிர். ஆனால் கிருமி பெருகும் எல்லை 5 பாகைக்கு மேலே 60 பாகைக்குக் கீழே. அந்த எல்லைக்குள் 16 பாகை வசதியாகவே அடங்குகிறது. ஹட்டனில் வாங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெரிசலில் பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ போய், அங்கிருந்து மலையேறி வீடு சேர இரண்டு மணி நேரம் எளிதில் கடந்துவிடும். ஆகவே மற்றச் சாமான்களை வாங்கி முடித்துக் கடைசியாகக் கோழி வாங்குங்கள். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால் அன்றே சமையுங்கள். மசாலா பூசி ஊறவைப்பதும் அப்படித்தான். இரவு முழுக்க ஊறினால் சுவை கூடும் என்று வீடியோவில் சொல்பவருக்குப் பிரிட்ஜ் இருக்கிறது. அடுப்படி மூலையில் மூடிவைக்கும் நமக்கு அரை மணி நேரம் போதும்.

மற்றது, கொதித்தால் எங்கும் ஒரே சூடு என்ற எண்ணம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அது போதும், ஆனால் வேக நேரம் கூடும். கொழும்பில் எடுத்த சமையல் வீடியோவின் நிமிடக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

இறக்கையை நேரே எண்ணெயில் போட்டால் தோல் கருகிச் சிவக்கும்போதும் மூட்டுக்குள் பச்சையாக இருக்கும். லயத்து அடுப்படிக்குப் பாதுகாப்பான முறை வேறு. உப்பு, மஞ்சள், இடித்த இஞ்சி, வெள்ளைப்பூண்டு, பாதி மிளகுத்தூளோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி, வேகவிடுங்கள். மூட்டை முறித்தால் எலும்பிலிருந்து சதை கழன்று, வடியும் சாறு சிவப்பின்றித் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு தண்ணீரை வற்றவைத்து, கொச்சிக்காய்த் தூளைப் பிரட்டி, குறைந்த எண்ணெயில் சில நிமிடம் பொரித்தால் போதும். தூள் கருகாது, எண்ணெயும் மிச்சம், மூட்டும் வெந்திருக்கும். பச்சைக்கறி ஊறிய மசாலாத் தண்ணீரைப் பொரித்த கறிமேல் ஊற்றக் கூடாது. பச்சைக்கறி வெட்டிய பலகையில் கழுவாமல் வெங்காயம் அரிவதும் அதே தவறுதான்.

பீலிக்கரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோழியைப் பீலியில் பிடித்து அலசும் வழக்கம் லயங்களில் இன்றும் இருக்கிறது. விழும் தண்ணீர் கறியில் பட்டுத் தெறிக்கும் இடமெல்லாம் கிருமி போகும். பக்கத்திலேயே இன்னொரு வீட்டுக் குடிதண்ணீர்க் குடம் நிற்கும், பால்போத்தல் கழுவும் தாய் நிற்பாள். கோழியைக் கழுவாமலே சமைக்கலாம், வேகும் சூடே போதும். மனம் கேட்காவிட்டால் வீட்டில் ஒரு பேசினில் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றிவிட்டு, பேசினையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது தீ. லயத்துக்கு ஒரே கூரை. ஒரு வீட்டுச் சட்டியில் பற்றிய தீ வரிசை முழுவதையும் தின்றுவிட்ட சம்பவங்களைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவார். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயும் வீடுகளில் எண்ணெய்ச் சட்டியை அரைவாசிக்கு மேல் நிரப்பவே கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினால் அது கூரை உயரத்துக்குச் சீறும். கேஸ் என்றால் அடைத்துவிட்டு, சட்டியைத் தட்டையான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சூட்டுக் காயத்துக்குப் பற்பசையும் வேண்டாம், மாவும் வேண்டாம்; 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்துவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

கேஸ் பாவிப்பவர்கள் 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களை மறந்திருக்க முடியாது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்புகள் வெடித்தன. சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றியதே காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. சமையலறையில் நடக்கும் விபத்தெல்லாம் சமைப்பவளின் கவனக்குறைவு அல்ல என்பதற்கு அது போதுமான சாட்சி. கசிவு சந்தேகம் இருந்தால் ரெகுலேட்டரிலும் குழாயிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் சிலிண்டரை வெளியே எடுத்துவைத்து விற்பனையாளரிடம் மாற்றிக் கேளுங்கள்.

இனி கடைக்கு வருவோம். தோட்டத்து வாழ்க்கையில் கடன் கொப்பி இல்லாத வீடு குறைவு. அதைத் திறந்து பாருங்கள். ‘கோழி’ என்று ஒரு சொல், எதிரே ஒரு தொகை. எத்தனை கிராம், கிலோ என்ன விலை என்பது இருக்காது. கறி கெட்டிருந்தது என்று நாளைக்குச் சொல்லப் போனால் கையில் எந்தச் சான்றும் இருக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் கடமையை வியாபாரிமேல் வைக்கிறது. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும் என்றும் சொல்கிறது. பொதியில் உள்ள விலையையோ விபரத்தையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். கடனுக்கு வாங்கினாலும் அது விற்பனைதான். கொப்பியிலேயே திகதி, நிறை, கிலோ விலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

தராசையும் பாருங்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகள் வருடாவருடம் பரிசோதித்து முத்திரையிடப்பட வேண்டும். முத்திரை எங்கே என்று கேட்பது சண்டைக்குப் போவதாகாது. உறைந்த பொதி என்றால் காலாவதித் திகதியோடு அடியையும் பாருங்கள். இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தாலும், துண்டுகள் ஒட்டி உருமாறிக் கட்டியாகியிருந்தாலும், இடையில் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த கறியாக இருக்கக்கூடும்.

காரத்தூள் விடயத்தில் என் கருத்து உறுதியானது: சில்லறையாகக் கட்டிவிற்கும் தூளைத் தவிர்த்து, காய்ந்த கொச்சிக்காய் வாங்கி மில்லில் அரைப்பதே நல்லது. மாவும் சாயமும் கலப்பது தூளில்தான் எளிது. சூடான் என்னும் தொழிற்சாலைச் சாயம் மிளகாய்த்தூளில் கலந்திருந்ததை 2003இல் ஐரோப்பாவில் கண்டுபிடித்து, பெருந்தொகைப் பொருட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எண்ணெயும் அப்படித்தான். இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் நஞ்சு இருந்த விவகாரம் இலங்கையில் வெடித்தது 2021 மார்ச்சில். கறுத்து, நுரைத்து, உடனே புகையும் எண்ணெயில் மறுபடி பொரிக்காதீர்கள்.

கறி கெட்டிருந்தால் என்ன செய்வது? கழுவாதீர்கள், மசாலா பூசாதீர்கள். பொதியோடும் சீட்டோடும் படம் எடுத்து, அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான வியாபாரிகள் மாற்றித் தருவார்கள். மறுத்தால் இரண்டு கதவுகள் உண்டு. மனிதப் பாவனைக்கு உதவாத உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். அதைப் பிடித்து வழக்கிடுவது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். காசு திரும்ப வேண்டும், நட்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. துரித எண் 1977. பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். பொருளை மாற்றித் தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு.

‘தோட்டத்துக்குள்ள பி.எச்.ஐ. வருவாரா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத்துச் சுகாதாரம் நிருவாகத்தின் கையில் இருந்தது. உள்ளூராட்சியும் வாசலிலேயே நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை பணம் செலவிடத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. அதே ஆண்டுத் தேர்தலோடு அம்பகமுவவில் இருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியாவில் இருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிப் பிரதேச சபைகளாகின. உணவுச் சட்டமோ தோட்டம், நகரம் என்று எப்போதும் பிரித்துப் பார்க்கவில்லை. தோட்டத்துக் கடைக்கும் அது செல்லும்.

சாப்பிட்டபின் வயிற்றோட்டமும் வாந்தியும் வந்தால் ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் தெரிந்தாலோ, பாதிக்கப்பட்டவர் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலோ காத்திருக்காமல் டிக்கோயா, நுவரெலியா என அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். எங்கே வாங்கியது, எப்போது சாப்பிட்டது, வேறு யாருக்கு வந்தது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். உணவு நஞ்சாதல் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தால் விசாரணை நடக்கும். அந்த விசாரணைக்காக, மிஞ்சிய கறியை வீசாமல், மற்ற உணவில் படாதபடி கட்டி வையுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. கடையின் பெயர், இடம், திகதி, நேரம், பொருள், நிறை, கொடுத்த தொகை, என்ன பழுது, கடைக்காரர் என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பவற்றை எழுதி, சீட்டின் பிரதியையும் படத்தையும் இணையுங்கள். மூலச்சீட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அதே அலுவலகத்தைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.