அனுமதிக்கும் ஆயுள் உண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு மேற்கே உள்ளது ராபின்சன் டவுன்ஷிப். நிலக்கரியைக் கழுவிச் சலித்தபோது ஒதுக்கித் தள்ளிய கல்லும் மண்ணும் கரித்தூளும் அங்கே 3 கோடி டன்னுக்கு மேல் மலையாகக் குவிந்தன. அந்தக் கழிவை எரித்து 272 மெகாவாட் மின்சாரம் எடுக்க ‘பீச் ஹாலோ’ என்ற அனல் மின் நிலையம் திட்டமிடப்பட்டது. 2005-இல் மாநில அரசின் காற்று மாசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் நிலையம் எழும்பவே இல்லை. பின்னாளில் அதைத் திட்டமிட்ட நிறுவனமே எரிவாயுவின் பக்கம் திரும்பியது.

எரித்தால் குப்பை ஒழியுமே என்று தோன்றலாம். குவியலால் கேடு உண்டு என்பது உண்மைதான். அதிலுள்ள பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றும் மழையும் பட்டு அமிலமாகிறது. இரும்பு கரைந்து ஓடைக்குப் போகிறது. ஓடைக் கற்களில் ஆரஞ்சு நிறச் சேறு அப்பிக்கொள்ளும். மீன் மட்டுமல்ல, மீனுக்கு இரையாகும் பூச்சியும் அற்றுப்போகும். சில குவியல்கள் தாமாகவே தீப்பற்றி ஆண்டுக்கணக்கில் புகையும்.

ஆனால் இந்தக் கழிவில் வெப்பம் குறைவு. அதே மின்சாரத்துக்கு நல்ல கரியைவிட நிறைய எரிக்க வேண்டும். கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் சேர்த்தால் சாம்பல் இன்னும் கூடும். அந்தச் சாம்பல் அமிலத்தை முறிக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. என்றாலும், புகையை மூச்சில் வாங்கப்போவது பக்கத்து ஊர்க்காரர்கள். இப்படிப்பட்ட எரிபொருளை 2004-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ‘மாற்று எரிசக்தி’ப் பட்டியலில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படி ஓர் ஆலைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களே, இனி என்ன செய்வது என்று பென்சில்வேனிய மக்கள் ஓய்ந்துவிட வேண்டியதில்லை. அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் விசாரணை வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கெடு தவறினாலும் இன்னொரு வழி இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கான கூட்டாட்சிக் காற்று விதிப்படி 18 மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும். இல்லையேல் அனுமதி செல்லாது. புதரை வெட்டி நிலத்தைச் சமன் செய்தால் மட்டும் போதாது. தொடர்ந்து நடக்கும் கட்டுமானமோ, பெரும் நஷ்டமின்றி ரத்து செய்ய முடியாத ஒப்பந்தமோ இருக்க வேண்டும். கெடுவை நீட்டிக்கக் கேட்டால், தகுந்த காரணம் காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே அனுமதிக் கோப்பைக் கேட்டு வாங்கித் தேதிகளைப் பாருங்கள். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

தூய காற்றும் நீரும் மக்களின் உரிமை என்கிறது 1971-இல் பென்சில்வேனிய அரசியல் சட்டத்தில் சேர்ந்த 27-ஆம் பிரிவு. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அதற்கு 2013-இல் உயிர் வந்தது, ஷேல் எரிவாயுச் சட்டத்தை எதிர்த்து இதே ராபின்சன் டவுன்ஷிப் தொடுத்த வழக்கில்தான்.

ஆலை வராததால் மட்டும் ஓடை சுத்தமாகிவிடாது. 1977-க்கு முன் கைவிடப்பட்ட, பொறுப்பேற்க ஆளில்லாத சுரங்க நிலங்களைச் சீரமைக்கக் கூட்டாட்சி நிதி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்குமாக அதில் 1,130 கோடி டாலர் சேர்த்தது. குவியலுக்கு உரிமையாளர் இருந்தால், கசியும் நீருக்கு 1937-ஆம் ஆண்டின் ஓடைத் தூய்மைச் சட்டப்படி அவரே பொறுப்பு. கசியும் இடத்தையும் தேதியையும் குறித்து, படத்தோடு மாநிலச் சுரங்க அலுவலகத்துக்குப் புகார் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.