அனோமியா: தெரிந்த வார்த்தை வாயில் வராத சீட்டாட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி நண்பன் வீட்டு ஹாலில் ஐந்து பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தோம். ரம்மி இல்லை, வார்த்தைச் சீட்டு. எனக்கு எதிரே நண்பனின் மகள், ஏழாம் வகுப்பு. அவள் சீட்டில் "பழம்" என்று எழுதியிருந்தது. நான் ஏதாவது ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒண்ணுமே வரலை. வாய் திறந்திருக்கிறது, கை அவள் சீட்டை நோக்கி நீண்டிருக்கிறது, மண்டைக்குள் வெறும் காற்று. என் சீட்டில் "ஆறு" என்று இருந்தது. "தாமிரபரணி!" என்று கத்திவிட்டு என் சீட்டை உருவிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நொடியே வாழை, மா, பலா, கொய்யா, சீதா எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன. "அங்கிள், தினமும் வாழைப்பழம் சாப்பிடுறீங்கல்ல?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் உள்ளே லேசாகப் பயம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. அலுவலகக் கூட்டங்களில் பக்கத்து டீம் ஆள் பெயர் வராமல் "அவர்தான், அந்த டேட்டாபேஸ் பார்ப்பாரே" என்று சமாளிப்பது அதிகமாகியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்த விளையாட்டின் பெயரே ஒரு நோய்க்குறியின் பெயர். அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. விளையாடுவது எப்படி, அந்த மூன்று நொடியில் மண்டைக்குள் என்ன நடக்கிறது, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பெயர்

ஆட்டத்தின் பெயர் அனோமியா. ஆண்ட்ரூ இன்னஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது, 2010 வாக்கில் கடைகளுக்கு வந்தது. மருத்துவத்தில் அனோமியா என்றால் பொருள் இன்னதென்று தெரிந்தும் அதன் பெயரை எடுக்க முடியாத நிலை. கிரேக்க மொழியில் "ஓனோமா" என்றால் பெயர்; முன்னால் "இல்லை" என்னும் "அ". வடமொழி "நாமம்" இந்த ஓனோமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆக நாம் புழங்கும் "அநாமதேயம்" என்ற சொல்லும் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான்.

ஆடுவது எப்படி

மூன்று முதல் ஆறு பேர் ஆடலாம். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு விஷயங்கள்: ஒரு வகையின் பெயர் (பழம், ஆறு, ராகம், இப்படி), ஒரு குறி (வட்டம், நட்சத்திரம், இப்படி).

1. சீட்டுகளைக் கலைத்து, எல்லோருக்கும் கை எட்டுகிற மாதிரி இரண்டு அடுக்காகக் கவிழ்த்து வைக்கவும்.

2. வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து, தனக்கு முன்னால் புரட்டிப் போட வேண்டும். அடுத்த சுற்றில் வரும் சீட்டை அதே இடத்தில் மேலே போடவும். எப்போதும் மேல் சீட்டுக்குத்தான் மதிப்பு.

3. புரட்டிய சீட்டின் குறியும் இன்னொருவரின் மேல் சீட்டுக் குறியும் ஒன்றாக இருந்தால் அந்த இருவருக்கும் மோதல். எதிராளியின் சீட்டில் உள்ள வகைக்கு ஒரு உதாரணத்தை முதலில் சொல்பவர் ஜெயித்தார். எதிராளியின் அந்த ஒரு சீட்டை எடுத்துத் தன் வெற்றிக் கட்டில் வைத்துக்கொள்வார்.

4. தோற்றவரின் சீட்டு போனதும் அதன் கீழே இருந்த பழைய சீட்டு வெளியே தெரியும். அதன் குறி வேறு யாருடையதோடாவது பொருந்தினால் உடனே அடுத்த மோதல். சீட்டு எடுக்காமலே இப்படிச் சங்கிலி மாதிரி இரண்டு மூன்று மோதல்கள் நடக்கும். ஆட்டத்தின் உயிரே இதில்தான். தோற்ற வருத்தத்தில் இருப்பவன் அடுத்த மோதலைக் கவனிக்க மாட்டான்.

5. நடுநடுவே இணைப்புச் சீட்டு வரும். அதில் வகை கிடையாது, இரண்டு குறிகள் மட்டும். அதை நடுவில் வைத்துவிட்டு, எடுத்தவர் இன்னொரு சீட்டு எடுப்பார். அடுத்த இணைப்புச் சீட்டு வரும்வரை அந்த இரண்டு குறிகளும் ஒன்றுக்கொன்று பொருத்தம்.

6. ஒருமுறை சொன்ன பதிலை அன்றைய ஆட்டத்தில் மறுபடி சொல்லக் கூடாது. பதில் சரியா தப்பா என்ற தகராறுக்கு மற்றவர்கள்தான் பஞ்சாயத்து. அடுக்கு தீர்ந்ததும் யாரிடம் வெற்றிச் சீட்டு அதிகமோ அவர் ஜெயித்தார்.

மோதல் எவ்வளவு அடிக்கடி வரும்? மொத்தம் எட்டுக் குறிகள், சமமான எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். நான் சீட்டைப் புரட்டும்போது மற்றவர்களின் மேல் சீட்டுகள் எல்லாம் வேறு வேறு குறிகளாகத்தான் இருக்கும். இல்லையென்றால் ஏற்கெனவே மோதியிருப்பார்கள். மூன்று பேர் ஆடினால் எதிரே இரண்டு குறிகள், எனவே வாய்ப்பு எட்டில் இரண்டு, 25%. நான்கு பேருக்கு 37.5%, ஐந்து பேருக்கு 50%, ஆறு பேருக்கு 62.5%. இணைப்புச் சீட்டில் உள்ள இரண்டு குறிகளில் ஒன்று மட்டும் எதிரே இருந்தால் இன்னும் ஒரு குறி கூடும். நான்கு பேர் ஆட்டமே 50% ஆகிவிடும். மூன்று பேர் ஆடும்போது சவசவ என்று இருந்த அதே ஆட்டம் ஐந்து பேர் சேர்ந்ததும் கூச்சலாவதற்கு இதுதான் காரணம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது

மூன்றாவது விதியை மறுபடி பாருங்கள். என் சீட்டை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். "ஆறு" என்று படித்ததுமே காவிரி, வைகை எல்லாம் விழித்துக்கொள்கின்றன. இப்போது அவற்றை அடக்கிவிட்டு, எதிரே பார்த்து, "பழம்" என்று படித்து, ஒரு பெயரைத் தேட வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் முதல் சில மோதல்களில் தங்கள் சீட்டுக்கே பதில் சொல்வார்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையின் உறவுக்காரன் இது. பச்சை மையில் "சிவப்பு" என்று அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் திணறுகிறோம். படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாது.

அடுத்தது, நாக்கு நுனியில் நின்றுபோகும் வார்த்தை. 1966-ல் ஹார்வர்டில் ரோஜர் பிரௌன், டேவிட் மெக்நீல் இருவரும் இதைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அபூர்வமான சொற்களின் விளக்கத்தை வாசித்துவிட்டுச் சொல்லைக் கேட்டார்கள். கடலில் சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி மாதிரியான சொற்கள். "தெரியும், ஆனா வரலை" என்று தவித்தவர்களில் பலரால் சொல்லின் முதல் எழுத்தையும், எத்தனை அசை என்பதையும் ஓரளவு சரியாகச் சொல்ல முடிந்தது. அதாவது சொல் அழிந்துபோகவில்லை. பொருள் ஓர் இடத்தில், ஒலி வேறிடத்தில். நடுவில் உள்ள பாதையில்தான் அடைப்பு. நம்ம பாஷையில் சொன்னால் தரவு பத்திரமாக இருக்கிறது, கேள்விக்கான பதில்தான் டைம்-அவுட் ஆகிறது.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் உதவி. நார்மன் ஸ்லமெக்கா 1968-ல் காட்டியது: ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு அதிலிருந்து சில சொற்களை எடுத்துக்கொடுத்தால், மீதிச் சொற்களை எடுத்துக்கொடுக்காதவர்களைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள். மற்றவர் சொன்ன சொல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அன்று எனக்கு நடந்ததிலும் இதன் சாயல் இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு முன்பு இன்னொரு மோதலில் "ஆப்பிள்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுபடி சொல்லக் கூடாத அந்த ஆப்பிள்தான் என் வாசலில் உட்கார்ந்திருந்தது. அதனால் எங்கள் வீட்டு விதி: மோதுகிற இருவரைத் தவிர மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

வயதும் இரண்டு மொழியும்

சரி, என் பயத்துக்கு வருவோம். டெபோரா பர்க்கும் டொனால்ட் மெக்கேயும் சகாக்களோடு 1991-ல் வெளியிட்ட ஆய்வில் இளையவர், நடுவயதினர், முதியவர் என மூன்று தரப்பையும் நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். வார்த்தை நுனி நாக்கில் நின்ற ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். வயது ஏற ஏற அது கூடுகிறது. அதிகம் சிக்குவது மனிதர்களின் பெயர்கள். பெரும்பாலானவை கொஞ்ச நேரத்தில் வந்தும் விடுகின்றன. அவர்கள் தரும் விளக்கம், பொருளையும் ஒலியையும் இணைக்கும் கண்ணி புழங்காமல் இருந்தால் பலவீனமாகிறது என்பது. புல் முளைத்த ஒற்றையடிப் பாதை மாதிரி.

இதைப் படித்ததும் இன்னொன்றும் புரிந்தது. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு இந்தச் சிக்கல் ஒரு மொழிக்காரர்களைவிட அதிகம் என்று டமர் கோலனின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் சொல்லும் ஒரு காரணம் எளிமையானது. பேசும் நேரம் அதேதான், அதை இரண்டு மொழிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒவ்வொரு சொல்லும் புழங்கும் தடவை குறைகிறது. பகல் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிவிட்டு மாலையில் தமிழில் கீரை பெயர் கேட்டால் தடுமாறத்தான் செய்யும். எனவே எங்கள் ஆட்டத்தில் எந்த மொழியில் சொன்னாலும் செல்லும். "தமிழில் மட்டும்" என்று ஒரு சுற்று வேண்டுமானால் தனியாக வையுங்கள், அது வேறு ரக வேடிக்கை.

வீட்டிலேயே செய்ய

கடையில் கிடைக்கும் கட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, அமெரிக்க வாழ்க்கை தெரிந்தால்தான் பல வகைகள் பிடிபடும். நாங்கள் ஒரு தடவை ஆடிவிட்டுச் சொந்தமாகச் செய்துகொண்டோம். பழைய விசிட்டிங் கார்டுகளின் வெற்றுப் பக்கம் போதும். எட்டுக் குறி, குறிக்குப் பத்து என 80 சீட்டு, கூடவே ஆறு இணைப்புச் சீட்டு. குறிகளுக்கு வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், பிறை, கூட்டல், அலைக்கோடு, மூன்று புள்ளி. எதிரே இருப்பவருக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் குழப்பாத குறியாக இருக்க வேண்டும். வகையின் பெயரைச் சீட்டின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிர் திசையில் எழுதிவிடுங்கள்.

வகைகள்: கீரை, மீன், ராகம், உறவுமுறை, சமையல் பாத்திரம், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, ரஜினி படம், சங்கப் புலவர், ரயில் நிலையம், தையல்காரரிடம் இருப்பது. மேசையில் இருக்கும் எல்லோருக்கும் குறைந்தது ஐந்து பதிலாவது தெரிந்த வகையாக இருக்கட்டும். தெரியாததைக் கேட்டால் அது க்விஸ். தெரிந்தது வராமல் தவிப்பதுதான் இந்த ஆட்டம்.

தவிக்கும்போது எனக்குக் கைகொடுக்கும் உத்தி ஒன்று: வார்த்தையைத் தேடாமல் இடத்தைத் தேடுவது. "பழம்" என்றால் பேருந்து நிலையத்து ஜூஸ் கடை. "பாத்திரம்" என்றால் எங்கள் சமையலறை மேடை. கண்ணுக்குப் படம் வந்தால் வாய்க்குப் பெயர் வந்துவிடுகிறது.

அப்பா

பயம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான அனோமியாவை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்து தேறிய பிறகு அப்பா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே "அது... தலைக்கு... இதை..." என்பார். அழகாகத் தலை வாரிக்கொள்வார், பெயர் மட்டும் வராது. முதலில் நாங்கள் எல்லோரும் முந்திக்கொண்டு "சீப்பா, சீப்பா?" என்போம். அவருக்குக் கோபம் வரும். பேச்சுப் பயிற்சியாளர்தான் அம்மாவிடம் சொன்னார்: முழுச் சொல்லையும் சொல்லாதீர்கள், முதல் ஒலியை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவானது. பேசிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று சொற்கள் போய்விட்டால், பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், அப்போது எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வாழைப்பழம் மூன்று நொடி தாமதமாக வந்தது அந்தக் கணக்கில் சேராது. அன்று ஏழாம் வகுப்புக்காரியும் "பறவை" என்ற சீட்டுக்கு முன்னால் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள், ஜன்னல் கம்பியில் காக்கா கத்திக்கொண்டிருக்கும்போதே.

அம்மா "சீ..." என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சில நாள் அரை நிமிஷம், சில நாள் அதற்கும் மேல். அப்பா "சீப்பு" என்று சொல்லும்போது முகத்தில் வரும் சிரிப்பு, சீட்டை ஜெயித்தவன் சிரிப்பேதான். இந்த ஆட்டத்தில் பெரியவர்கள் யாராவது சேர்ந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு விதியைத் தளர்த்துங்கள். முதல் எழுத்தைக் கொடுங்கள். அப்புறம் கொஞ்சம் சும்மா இருங்கள்.